மாப்பிள்ளை இருந்த ஆங்கில மாளிகை

பனி என்றும் சொல்ல முடியாது, மழை என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அந்த வீட்டின் முன்னால் நின்றேன்.

படத்தில் பார்த்த அதே வீடுதான். சிவப்புச் செங்கல். முக்கோண முகப்புகள், அவற்றின் வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள். சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் கோத்த உயரமான யன்னல்கள். கூரைக்கு மேலே முறுக்கிப் பிழிந்ததுபோலத் திருகிய செங்கல் புகைக்கூடுகள், கூட்டம் கூட்டமாக.

ஒன்றும் குறையவில்லை. படத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் மட்டும் இப்போது தோளைக் குறுக்கி, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் நின்றார்.

அவர்தான் யோகன். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை.

நான் முன்வாசல் படியில் கால் வைத்தேன். கல்லில் செதுக்கிய பூக்களும், இரும்புக் குமிழ்கள் பதித்த கனத்த கதவுமாக அந்த வாசலே ஒரு கோயில் வாசல் போல இருந்தது.

"அதால ஏலாது," என்றார் யோகன். "இப்பிடி வாங்கோ."

வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். குப்பைத் தொட்டிகள், சக்கரம் இல்லாத ஒரு சைக்கிள், கொடியில் யாரோ காயப்போட்டு மறந்து பலகை போல விறைத்துப்போன ஒரு சாரம். பிறகு ஒரு சின்னப் பச்சைக் கதவு. அதைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசம் மூக்கில் அடித்தது. இத்தனை விமானமும் ரயிலும் மாறி, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்ன ஊர்களிலெல்லாம் தூங்கி எழும்பி வந்து சேர்ந்தது கடைசியில் எங்கள் வீட்டுக் குசினிக்குத்தானோ என்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.

உள்ளே யார் யாரோ நடந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. எங்கோ வானொலி பாடியது. இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

கொஞ்சப் பேர்தான் என்றார். இன்னும் சில அடி நடந்தபின் மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். ஒரு அறுபது எழுபது பேர் இருக்கலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

படம் செய்த வேலை

அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபத்தின் அளவு உங்களுக்கு விளங்காது.

கல்யாணத் தரகர் அதை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா பெரியப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா நில அளவைத் திணைக்களத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். அளப்பவர்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்த உரிமையில், கட்டடம் என்றால் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தை மேய்ந்தார். இது ஆங்கிலேயப் பிரபுக்கள் நாட்டுப்புறத்தில் கட்டுகிற வீட்டு மாதிரி, ஜெர்மன்காரன் இப்படிக் கட்டமாட்டான், பொடியனிடம் நல்ல ரசனை இருக்கிறது என்றார்.

இதில் முதல் பாதி, பெரியப்பா ஆயுளில் சரியாகச் சொன்ன சில விஷயங்களில் ஒன்று. இரண்டாவது பாதிக்கு நான் பொறுப்பில்லை.

படத்தின் பின்னால் நீல மையில் 'நான் இருக்கிற வீடு' என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே கவலை. இவ்வளவு பெரிய வீட்டை நான் தனியாக எப்படிக் கூட்டித் துடைப்பேன் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் கவலைப்பட்டார். கவலைப்படும் சாக்கில் படத்தையும் காட்டினார். எங்கள் ஒழுங்கையில் அந்த வீட்டின் யன்னல்களைத் தெரியாதவர்கள் இல்லை.

லண்டனில் இருந்த என் அண்ணா ஒருவர்தான் மயங்கவில்லை. வீட்டைப் பாராதே, ஆளைப் பார், சரிவராவிட்டால் இங்கே வந்துவிடு என்று டெலிபோனில் சொன்னார்.

கட்டியவரும் புவனேசக்காவும்

டுசல்டோர்ஃபிலிருந்து சின்ன ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஒரு பழைய நெசவாலை ஊர் அது. நூறு வருடங்களுக்கு முன் அந்த ஆலையின் முதலாளி இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு பெண்ணைக் கட்டி, அவள் ஊர் ஞாபகத்தில் ஏங்கக்கூடாது என்று இந்த வீட்டையும் கட்டினாராம். ஆலை மூடி, வீடு நகரசபையின் கைக்கு வந்து, கடைசியில் அகதிகள் விடுதி ஆனது. எங்கள் ஆட்கள் ஜெர்மன் சொல்லாலேயே 'ஹைம்' என்பார்கள்.

ஆனால் நாங்கள் இருந்தது முழு வீட்டில் அல்ல. பின்னால் ஒட்டியிருந்த வேலைக்காரர் பகுதியில். முன்பகுதி, அதாவது பெரிய கூடமும் மாடிப்படியும் ஓக் பலகை அடித்த அறைகளும், பூட்டிக் கிடந்தது. அது பழைமைச் சின்னம், சட்டப் பாதுகாப்பு உள்ளது. எங்கள் கையில் இருந்த தாளுக்குப் பெயர் டுல்டுங். பொறுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். பலகைக்குப் பாதுகாப்பு, ஆட்களுக்குப் பொறுமை.

இந்த மாதிரி ஆங்கில வீடுகளில் முதலாளிமார் வேலைக்காரரைக் காணக்கூடாது, வேலை மட்டும் நடந்திருக்க வேண்டும். அதற்காகவே தனிப் படி, தனி நடை, தனி வாசல். சமையல் வாசம் முன்கூடத்துக்கு வரக்கூடாது என்று குசினியைக் கடைசி மூலையில் வைத்து, நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு நீள நடையும் வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டை மன்னார் சிங்கராயர் அண்ணை தோற்கடித்தார். எங்கள் எல்லோருக்கும் சமைத்தவர் அவர்தான். அவர் கருவாடு பொரித்தால் வாசம் வளைவுகளில் எல்லாம் மரியாதையாகத் திரும்பி, பூட்டிய கதவுக்கு அடியால் புகுந்து, பெரிய கூடம்வரை போய்விடும் என்று கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் முறைப்பாடு செய்வார்.

இதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று இருந்தது. வேலைக்காரப் பெண்களும் ஆண்களும் கண்ட இடத்தில் சந்திக்கக்கூடாது. ஆகவே பெண்களுக்குக் கூரையடியில் ஒரு பக்கம், ஆண்களுக்கு மறுபக்கம், நடுவே வாசலில்லாத செங்கல் சுவர். ஆளுக்கொரு படிக்கட்டு. இரண்டு படியும் கீழே வந்து சேரும் இடத்தில், இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிறமாதிரி, மேற்பார்வைக்காரிக்கு ஓர் அறை.

நகரசபையும் அதே ஒழுங்கில் எங்களைப் பிரித்து வைத்தது. கூரையடியில் ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் தனி ஆண்கள். மேற்பார்வைக்காரியின் அறை புவனேசக்காவுக்குக் கிடைத்தது.

புவனேசக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வோர்டனாக இருந்தவர். கதவைத் திறந்து வைத்து, கதிரையைப் போட்டு, மடியில் கம்பளிப் பின்னலுடன் இருப்பார். ஊசியைப் பார்த்தபடி படியையும் பார்க்கும் கலை அவரிடம் இருந்தது. யோகன் எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவருவதென்றாலும் படியின் அடியில் அதை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். கட்டியவருக்கும் அக்காவுக்கும் நடுவே நூறு வருட இடைவெளி. ஆனால் ஒரே ஊர்க்காரர்போல இருவருக்கும் ஒரே எண்ணம்.

லண்டன் பேச்சு

வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அக்காவின் கண்பார்வைக்குள் நின்றுகொண்டு யோகனிடம் கேட்டேன். ஏன் அந்தப் படத்தை அனுப்பினீர்கள்?

அவர் கதையை முதலிலிருந்து தொடங்கினார். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பல ஊர் விடுதிகளில் இருந்தவர். இந்த வீட்டுக்கு முந்தைய விடுதி ஒரு பழைய தகரக் கொட்டில். அதை ஊருக்கு எழுதியபோது அவருடைய தாய் சாப்பிடாமல் கிடந்தாராம். இந்த வீட்டுக்கு மாற்றியதும் படம் எடுத்து அனுப்பினார். தாய் நன்றாகத் தூங்கினார். தூங்கி எழும்பிப் படத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டார்.

"நான் பொய் எழுதேல்ல," என்றார்.

"ஓம். நீங்கள் பொய் சொல்லேல்ல. அதுதான் எனக்குக் கூடக் கோவம்."

பொய் என்றால் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். இது உண்மையாகவும் இருந்து ஏமாற்றமாகவும் இருந்தது. அண்ணாவுக்கு டெலிபோன் எடுத்தேன். குளிர் விட்டதும் லண்டனுக்கு வருகிறேன், ஒழுங்கு செய்யுங்கள் என்றேன். யோகனுக்கும் அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். தடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அடுத்த நாளும் தேத்தண்ணி வந்தது.

தடுத்திருந்தால் போயிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அளவு நாடாவின் மறுமுனை

அந்த இடையில் ஃபிறவ் லிண்டர், அதாவது திருமதி லிண்டர், வந்தார். பழைய கட்டடங்களைப் பேணும் அலுவலகத்தில் வேலை செய்த நெட்டையான பெண்மணி. நகரசபை வீட்டை ஹோட்டல்காரர் ஒருவருக்கு விற்க யோசித்தது. அதற்கு முன் வீட்டை முழுக்க அளந்து வரைய வேண்டும். அவருடைய உதவியாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேடி எங்கள் நடைக்கு வந்தார்.

நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். அவர் இங்கிலாந்தில் படித்தவர். அந்த ஹைமில் என்னோடு முழு வசனத்தில் கதைத்த முதல் வெள்ளைக்காரி. அன்றிலிருந்து நாடாவின் மறுமுனை நான்தான்.

அவர் திறப்பைப் போட்டு முன்பகுதியைத் திறந்தபோது கோபத்தைக்கூட மறந்துவிட்டேன். கூடம் இரண்டு மாடி உயரம். பலகையில் நூறு வருட மெழுகு வாசம், அதோடு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கருவாடும். படிக்கட்டு அகலமாக, சாவகாசமாகத் திரும்பித் திரும்பி ஏறியது. எங்கள் பெண்கள் படியில் ஒருவர் இறங்கினால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இங்கே ஒரு கல்யாண ஊர்வலமே இறங்கலாம்.

ஃபிறவ் லிண்டருக்கு அந்த வீட்டின்மேல் தாய்ப்பாசம். ஆனால் அதன் பொய்களை மறைக்கமாட்டார். புகைக்கூடுகளில் பாதிக்கு உள்ளே துவாரமே இல்லை, அழகுக்குக் கட்டியவை என்றார். முகப்பின் கறுப்பு மரச்சட்டம் பாரம் தாங்குவதில்லை, சுவரில் ஒட்டிய பலகை என்றார். அந்த இங்கிலாந்துப் பெண்ணும் வந்த இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாளாம். குசினி தூரம், சாப்பாடு எப்போதும் ஆறித்தான் வரும் என்பது அவளுடைய பெரிய குறை என்று ஊரில் சொல்வார்களாம். எங்களிடம் விட்டிருந்தால் சிங்கராயர் அண்ணை அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார்.

ஒருநாள் பெண்கள் பக்கத்து நடையை அளந்தோம். உள்ளே அளந்ததும் வெளியே அளந்ததும் பொருந்தவில்லை. ஃபிறவ் லிண்டர் நடையின் கடைசிச் சுவரை விரலால் தட்டினார். மற்றச் சுவர் 'டொக்' என்றது, இது 'டும்' என்றது. சுவர்த்தாளின் ஒரு மூலையை நகத்தால் மெல்ல உரித்தார். பலகை தெரிந்தது.

முன்பக்கத்தில் அதே உயரத்தில் பிள்ளைகளின் அறை இருந்ததாம். பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்காரி போய்வர இங்கே ஒரு கதவு. பிறகு தாள் ஒட்டி மூடிவிட்டார்கள். நான் உடனே உரிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார். அந்தத் தாள் வீட்டோடு பிறந்தது, தன் அறிக்கை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

குளிர்காலம் போகிற நேரம் ஒரு கடைசி அடி அடிக்குமே, அப்படியொரு ஞாயிறு. காலையிலிருந்து ஹீட்டர் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று ஹவுஸ்மைஸ்டர் டெலிபோனை வைத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பெண்கள் பகுதியில் நாங்கள் மூன்று பேர் போர்வைக்குள் கிடந்தோம். நான், கைக்குழந்தையோடு பக்கத்து அறை வசந்தி, எரித்திரியாவிலிருந்து வந்த செலாம்.

கீழே வேலைக்காரரின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் பலகை அடித்து மூடிய பெரிய அடுப்பங்கரை ஒன்று இருந்தது. சிங்கராயர் அண்ணை பலகையைக் கழற்றி, உடைந்த கட்டில் சட்டங்களைப் போட்டு நெருப்பு மூட்டினார். பிள்ளைகள் குளிரில் நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு. கூரையில் இத்தனை புகைக்கூடு இருக்கிறதே, ஒன்றாவது வேலை செய்யாதா என்பது அவருடைய கணக்கு.

அந்தப் புகைக்கூட்டில் துவாரம் இருந்தது. துவாரம் நிறையக் காகக்கூடும் இருந்தது.

புகை திரும்பிக் கூடத்துக்குள் கொட்டியது. கூடத்துக்குப் பக்கத்தில் எங்கள் படி. ஒடுக்கமாக, செங்குத்தாக, ஒரு யன்னல்கூட இல்லாமல். புகைக்கூடுகளைப் பொய்யாகக் கட்டிய மனிதர், பெண்கள் படியை உண்மையான புகைக்கூடாகக் கட்டியிருந்தார்.

நான் எழும்பிக் கதவைத் திறந்தபோது படி தெரியவில்லை. கறுப்பாக ஏதோ மேலே ஏறிவந்துகொண்டிருந்தது. கீழே புவனேசக்கா எங்கள் பெயர்களைக் கத்துவது கேட்டது. வசந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடப் பார்த்தாள். செலாம் அவளைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு அந்த 'டும்' ஞாபகம் வந்தது.

மரக்கறி வெட்டும் கத்தியால் சுவர்த்தாளைக் கிழித்தேன். பட்டை பட்டையாக வந்தது. பலகையில் பதித்த ஒரு வளையம் தெரிந்தது. திருகினால் அசையவில்லை. செலாம் என்னைத் தள்ளிவிட்டுத் தோளால் இடித்தாள். நானும் சேர்ந்து இடித்தேன். குழந்தை இருமத் தொடங்கியது.

அப்போதுதான் நடையின் மறுகோடியில், ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் சுவருக்கு அப்பால், யாரோ இடிப்பது கேட்டது. இரும்பால் செங்கல்லில் அடிக்கும் சத்தம். நடுவே ஒரு குரல்.

"தயா! தயா!"

அதுவரை யோகன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாம் 'இஞ்ச பாருங்கோ', 'நீங்கள்'. எங்கள் படியைப் புகை அடைத்ததால் ஆண்கள் படியால் ஓடி ஏறியிருக்கிறார். அங்கே வழி இல்லை, சுவர்தான்.

"நாங்கள் மற்றப் பக்கத்தால போறம், கீழ போங்கோ," என்று கத்தினேன். இடி நிற்கவில்லை.

எங்கள் கதவு திறந்துகொண்டது. பிள்ளைகளின் வெறும் அறை. சுத்தமான, உறைந்த காற்று. அங்கிருந்து ஒரு சின்னப் படி, பிறகு பெரிய படிக்கட்டு. அந்த மாளிகையின் படியில் நான் இறங்கிய கோலத்தை ஒழுங்கைப் பெண்கள் கண்டிருந்தால் படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், ஒரு காலில் செருப்பு, முகம் முழுக்கக் கரி. முன்கதவுக்கு உள்ளே நாதாங்கிகள்தான். மூன்று பேருமாக இழுத்துத் திறந்து, கல்பூக்களுக்கு நடுவால் வெளியே வந்தோம்.

புல்வெளியில் எல்லோரும் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தது. புவனேசக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். சிங்கராயர் அண்ணை வேப்பெண்ணெய் குடித்தவர்போல ஒரு மரத்தடியில் நின்று செபமாலை உருட்டினார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

யோகனைக் காணவில்லை.

மேலே ஒருவர் இருக்கிறார் என்று தீயணைப்புக்காரரிடம் சொல்ல எனக்கு ஜெர்மன் வரவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன், கூரையைக் காட்டினேன், அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேர் ஆண்கள் பக்கத்தால் ஓடினார்கள். அவர்கள் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நேரமும் நான் லண்டனை ஒருதடவைகூட நினைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டி என்ன, இழுத்து. தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்பு. கைவிரல்கள் தோலுரிந்து இரத்தம். இரும்புக் கட்டில் கால் ஒன்றால் அந்தச் சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஓட்டை போட்டு, தலையைக்கூட விட முடியாத அந்த ஓட்டையால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாராம். மறுபக்கத்தில் நான் மயங்கிக் கிடக்கிறேன் என்ற நினைப்பு. வரமாட்டேன் என்று சண்டை பிடித்தாராம். என்னைக் கண்டதும் நின்று, என் கரி முகத்தைப் பார்த்து, பிறகு திறந்து கிடந்த முன்கதவைப் பார்த்தார். வீட்டின் அமைப்பு அவருக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. ஹோட்டல்காரர் பயந்து பின்வாங்கினார், பிறகு துணிந்து வாங்கினார். ஃபிறவ் லிண்டர் திங்கட்கிழமை வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு சுவர்த்தாளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதார். இரண்டு அழுகையில் எது பெரியது என்று நான் அளக்கவில்லை. ஆனி மாதம் நகரசபையில் எங்கள் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் புல்வெளியில், போர்வை கொடுத்துக்கொண்டு வந்த தீயணைப்புக்காரர் எங்கள் முன்னால் நின்று, நீங்கள் இருவரும் ஒன்றா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். கடையில் யோகன் எனக்குப் பின்னால் நிற்கும்போதெல்லாம் காசுமேசைப் பெண் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு 'நைன்', இல்லை, என்று சொல்லியிருக்கிறேன்.

யோகன் வாயைத் திறந்தார். இனி உண்மையை மட்டும்தான் பேசுவதென்று தீர்மானித்த மனிதர். இன்னும் இல்லை என்று ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார்.

"யா," என்றேன் நான்.

தீயணைப்புக்காரர் எங்கள் இருவருக்குமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது போர்வையைத் திரும்ப மடித்துக்கொண்டு போய்விட்டார்.

யோகன் போர்வையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, எட்டவே நின்றார். பிறகு மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இனி இந்த வீட்டில் விடமாட்டினம். ஊருக்கு வெளியில கொண்டெய்னருக்குத்தான் அனுப்புவினம். ஒரு அறைதான். யன்னல் சின்னன். மழை பெய்தால் தகரம் சத்தம் போடும். குசினி பொதுக் குசினி, கக்கூஸ் வெளியில.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"கோடையில சரியான வெக்கையாயும் இருக்கும்."

"சரி. இப்ப குளிருது. கிட்ட வந்து நில்லுங்கோ."